கண்ணை மூடச் சொல்லாதீங்க

"இந்தக் கணத்தில் வாழுங்கள்"னு எழுதின போஸ்டரை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுல கட்டாயம் ஒரு அருவி இருக்கும். இல்லேன்னா கடற்கரை, சூரிய உதயம், வெள்ளை உடையில சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கற ஒரு பெண். எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சாயங்காலம் ஆறரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல, ஷிப்ட் முடிஞ்ச கூட்டத்துக்கு நடுவுல, எட்டாவதா ஒருத்தரை ஏத்தற ஷேர் ஆட்டோவுல பாதி உடம்பு வெளியில தொங்கப் போறதும் ஒரு "கணம்"தானே? அதை ஏன் எந்தப் போஸ்டர்லயும் போட மாட்டேங்கறாங்க?

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். தியானம் பண்றவங்களைக் கிண்டல் பண்றதுக்காக இதை எழுதல. அது ஒரு பெரிய விஷயம்னு நான் நம்பறேன், ஏன்னு பின்னாடி வருது. என் சண்டை வேற ஆளுங்களோட. மன அமைதியை ஒரு சரக்காக்கி, ஒரு மணி நேர வகுப்பா, மாதச் சந்தாவா வித்து, அது கிடைக்காதவங்களைப் பார்த்து "உனக்குத்தான் மனசு சரியில்லை"ன்னு பழியையும் போடறாங்களே... அவங்களோட.

போன செமஸ்டருக்கு முன்னாடி எங்க கல்லூரியில "மன அழுத்த மேலாண்மை"ன்னு ஓர் அமர்வு வெச்சாங்க. (எந்தக் கல்லூரின்னு கேட்காதீங்க, நான் இன்னும் டிகிரி வாங்கல.) பி.காம். மூணு செக்ஷனையும் ஒரே ஹால்ல அடைச்சு, ஓடற நாலு ஃபேனுக்கும் ஓடாத ஆறு ஃபேனுக்கும் கீழ உட்கார வெச்சாங்க. வந்தவர் கண்ணை மூடச் சொன்னார். அருவியை நினைக்கச் சொன்னார். நான் நினைச்சதெல்லாம் தண்ணி வராத மூணாவது மாடி டாய்லெட்டைத்தான், அதுவும் ஒரு விதத்துல நீர்நிலை சம்பந்தப்பட்டதுதானே. முடிஞ்சதும் கேள்வி கேட்கச் சொன்னார். எங்க வகுப்புப் பொண்ணு ஒருத்தி எழுந்து கேட்டா: "சார், காலேஜ் முடிஞ்சு ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நான் ஒரு கடையில பில் போடறேன். வீட்டுக்குப் போய் புத்தகத்தைத் திறந்தா தூக்கம் வருது. தூங்கினா எக்ஸாம் பயம் வருது. இதுல நீங்க சொல்ற கணம் எது சார்?"

அவர் சிரிச்சுக்கிட்டே, "அதை அப்படியே ஏத்துக்கோம்மா. எதிர்க்கறப்பதான் வலிக்குது"ன்னார். கை தட்டினாங்க. அவ உட்கார்ந்துட்டா. அப்புறம் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்து "மனம் லேசானதா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் தருக"ன்னாங்க. அந்தப் பொண்ணு கேட்டது நல்ல கேள்வி, அதுக்கு வந்தது பதிலே இல்லை. ஆனா அன்னைக்கு அந்த ஹால்ல அதை யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. "கவனம்" பத்தின வகுப்புல!

நாம காமர்ஸ் பசங்க. நமக்கு முதல் வருஷம் முதல் வாரம் சொல்லிக் கொடுத்தது இரட்டைப் பதிவு முறை. ஒரு இடத்துல வரவு எழுதினா இன்னொரு இடத்துல பற்று எழுதியே ஆகணும். காத்துல இருந்து எதுவும் வராது. அதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இந்த அமைதி வியாபாரத்தைப் பாருங்க. ஒரு கம்பெனி மூணு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ரெண்டு பேரை வெச்சுக்குது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம். அந்த மிச்சம் எங்க இருந்து வந்துச்சு? அந்த ரெண்டு பேரோட தூக்கத்துல இருந்து, ஒழுங்கா சாப்பிடாததால வந்த வயித்து வலியில இருந்து, டாக்டர் ஃபீஸுல இருந்து, ராத்திரி பதினோரு மணிக்கு வாசல்ல நிக்கற அம்மாகிட்ட இருந்து. இதெல்லாம் கம்பெனி லெட்ஜர்ல வராது. கடைசியில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தி, அதை மட்டும் "ஊழியர் நலச் செலவு"ன்னு எழுதிக்குவாங்க. இவ்வளவு மலிவா ஒரு கணக்கை நேர் பண்ண எந்த ஆடிட்டராலயும் முடியாது.

கற்பனையா சொல்றேன்னு நினைக்காதீங்க. 2024 ஜூலையில புனேயில ஈ.ஒய். குழுமத்துல வேலைக்குச் சேர்ந்து நாலே மாசமான 26 வயசு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஒருத்தர் இறந்துபோனார். தாங்க முடியாத வேலைப்பளுதான் காரணம்னு அவரோட அம்மா நிறுவனத் தலைவருக்கு எழுதின கடிதம் செப்டம்பர்ல வெளியில வந்துச்சு. வேலை அழுத்தம்தான் உயிரைப் பறிச்சதுன்னு நம்பலைன்னு நிறுவனம் சொன்னது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரிக்கறதா அறிவிச்சது. நம்ம கூடப் படிக்கறவங்கள்ல பாதிப் பேரோட கனவே அந்த மாதிரி நாலு பெரிய நிறுவனத்துல ஒண்ணுல நுழையறதுதான். அதனால இது எனக்கு யாரோ ஒருத்தர் செய்தியா தெரியல.

அதே மாசம் சென்னையில ஒரு மருத்துவக் கல்லூரி விழாவுல நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேர் சொல்லாம இந்தச் சம்பவத்தைத் தொட்டுப் பேசினார். அழுத்தத்தைத் தாங்கற உள்வலிமையை வீட்டிலயும் கல்லூரியிலயும் கத்துக் கொடுக்கணும், தெய்வ நம்பிக்கையால அந்த வலிமை வரும்ங்கற பொருள்ல. எதிர்ப்பு கிளம்பினதும், பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லல, பிள்ளைங்களுக்குக் குடும்பமும் நிறுவனங்களும் துணையா நிக்கணும்னுதான் சொன்னேன்னு விளக்கம் கொடுத்தார். சரி, விளக்கத்தை அப்படியே ஏத்துக்கறேன். ஆனா ஒரு இளம் அக்கவுண்டன்ட் செத்துப்போன செய்தியைக் கேட்டதும் நம்ம நாட்டுல பெரியவங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது "எத்தனை மணி நேரம் வேலை வாங்கினாங்க?"ங்கற கேள்வி இல்லை. "மனசைத் திடப்படுத்தக் கத்துக்கிட்டாங்களா?"ங்கற கேள்வி. எனக்கு வலிக்கறது அந்த வரிசைதான்.

மணிக்கணக்குன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். 2023 அக்டோபர்ல நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னார். 2025 ஜனவரியில எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசின ஒரு வீடியோ வெளியாச்சு. 90 மணி நேரமாம், ஞாயித்துக்கிழமையும் சேர்த்து. வீட்டுல உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கிட்டிருப்பீங்கன்னும் கேட்டார். ஊரே மீம் போட்டுச் சிரிச்சுது. எனக்கு அந்த வரி வேற மாதிரி கேட்டுச்சு. எதிர்ல இருக்கற முகத்தை, வேற எதையும் நினைக்காம, முழுசா பார்க்கறது... தியான ஆசிரியர்கள் இத்தனை பேரும் தொண்டை வரள சொல்லித் தரது அதைத்தானேய்யா? அதைப் போய் வெட்டி வேலைன்னு சொல்றீங்களே!

ஆவடிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 90 மணின்னா நாளைக்குப் பதிமூணு மணிக்குக் கொஞ்சம் கம்மி. போக வர பஸ், ரயில், ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து மூணு மணி. தூக்கம் ஏழு. மிச்சம் ஒரு மணி நேரமும் சில நிமிஷமும். அதுக்குள்ள குளிக்கணும், சாப்பிடணும், துணி துவைக்கணும், அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். நிகழ்காலம் எங்க இருக்கு இதுல? திருடிட்டுப் போன சைக்கிளை "நல்லா துடைச்சு வெச்சுக்கோப்பா"ன்னு சொல்ற மாதிரி இருக்கு.

இப்ப ஒரு நல்ல செய்தி. தி.நகர்லயோ அம்பத்தூர்லயோ ஜவுளிக் கடைக்குப் போயிருப்பீங்க. நமக்கு மெத்தை போட்ட இருக்கை. புடவை எடுத்துப் போடறவங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும். "அங்காடித் தெரு" பார்த்தவங்களுக்கு விளக்க வேண்டாம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல விற்பனைப் பெண்கள் "பெண்கூட்டு"ன்னு சேர்ந்து உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018ல கேரளா சட்டம் திருத்துச்சு. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு சட்டப்பேரவையும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம்னு கொண்டு வந்துச்சு. ஒரு ஸ்டூல். அவ்வளவுதான். பத்து மணி நேரம் நின்ன கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டிருக்கறப்ப "மூச்சைக் கவனி"ன்னு சொல்றதைவிட அந்த ஸ்டூல் அதிக அமைதி கொடுக்கும். எல்லாக் கடையிலயும் போட்டிருக்காங்களா, போட்டாலும் சூப்பர்வைசர் உட்கார விடறாரான்னு அடுத்த தடவை புடவை எடுக்கப் போறப்ப பாருங்க.

இன்னொண்ணு. 2023 ஏப்ரல் 21ல தமிழ்நாட்டுலயே ஆலைகள்ல ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி பண்ற ஒரு மசோதா சட்டப்பேரவையில நிறைவேறுச்சு. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியோட கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தாங்க. மே 1ல வாபஸ். பத்தே நாள்! அந்தப் பத்து நாள்ல கண்ணை மூடி அருவியை நினைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

சரி, "அப்ப தியானம் எல்லாம் சும்மாவா?"ன்னு கேட்பீங்க. இல்லை. இங்கதான் எனக்கு உண்மையிலயே சொல்ல வேண்டியது இருக்கு.

எங்கப்பா எஸ்டேட்ல லேத் ஆபரேட்டர். மைண்ட்ஃபுல்னஸ்ங்கற வார்த்தையைச் சொன்னா "என்ன, புது சோப்பா?"ன்னு கேட்பார். ஆனா மெஷின் ஓடறப்ப அவர் பக்கத்துல நின்னு பார்க்கணும். டூல் பிட் மழுங்குதுன்னு அளந்து பார்க்கறதுக்கு முன்னாடியே சத்தத்துல கண்டுபிடிச்சிடுவார். சுருள் சுருளா வர்ற பிசிறோட நிறம் மாறினா கை தானா போய் வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்துல கூப்பிட்டா காது கேட்காது. ஆனா மெஷின்ல ஒரு சின்ன உறுத்தல் சத்தம் வந்தா கேட்கும். இதுக்குப் பேர் கவனம் இல்லேன்னா வேற எதுக்குப் பேர் கவனம்? சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்ப அவர் முகத்துல ஒரு தெளிவு இருக்கும். நாள் பூரா ஃபோன்ல விரலைத் தள்ளிக்கிட்டிருந்த என் முகத்துல அது இருக்காது.

ஆனா அதே அப்பா ஓவர் டைம் பார்த்துட்டு வர்ற நாள்ல அந்தத் தெளிவு இருக்காது. (அம்பத்தூர் ஓ.டி.ன்னு பஸ் போர்டைப் பார்த்து, ஓவர் டைமுக்குன்னே தனியா ஒரு ஊரான்னு சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன்.) பத்து மணி நேரத்துக்கு மேல போனா சத்தம் எல்லாம் ஒண்ணா கேட்க ஆரம்பிச்சிடும்னு அவரே சொல்வார். பவர் பிரஸ்ல விரல் போனவங்க எஸ்டேட் பக்கம் இருக்கறவங்களுக்குப் புதுசு இல்லை. மனசு அலைஞ்சா அங்க போறது நிம்மதி இல்லை, விரல். கவனம்ங்கறது பீப்பாய்ல இருக்கற தண்ணி மாதிரி, எடுக்க எடுக்கக் குறையும், தூங்கினாத்தான் ஊறும். ஒரு பக்கம் ஆளோட நேரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, இன்னொரு பக்கம் "கவனமா இரு"ன்னு போர்டு மாட்டறது அபத்தம்.

ஆராய்ச்சியும் கவனத்துக்கு ஆதரவாத்தான் இருக்கு. 2010ல ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட்னு ரெண்டு பேர் 2,250 பேர்கிட்ட அவங்க ஃபோன் வழியாவே நடுநடுவுல "இப்ப என்ன செய்யறீங்க, மனசு எங்க இருக்கு, சந்தோஷமா?"ன்னு கேட்டாங்க. 46.9 சதவீத நேரம் மனசு செய்யற வேலையில இல்லை. மனசு அலையறப்ப சந்தோஷமும் குறைவு. இந்த எண்ணைத்தான் எல்லாச் சொற்பொழிவாளரும் சொல்வாங்க. அது ஐஃபோன் வெச்சிருந்தவங்ககிட்ட, அதுவும் பெரும்பாலும் அமெரிக்கர்கள்கிட்ட எடுத்த கணக்குன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. தப்புன்னு சொல்லல. பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை செய்யற பொண்ணோட மனசு வேற எங்கயாவது அலைஞ்சாத்தான் அன்னைக்குப் பொழுதே போகும், அதையும் யாராவது அளக்கட்டும்னு சொல்றேன்.

அந்த வார்த்தையோட கதையும் வேடிக்கை. பாலி மொழியில "ஸதி". 1881ல ரைஸ் டேவிட்ஸ்ங்கற ஆங்கிலேயர் அதை மைண்ட்ஃபுல்னஸ்னு மொழிபெயர்த்தார். ஆனா ஸதிங்கறது சம்ஸ்கிருத ஸ்மிருதியோட பாலி வடிவம். நேர் அர்த்தம் ஞாபகம், மறக்காம இருக்கறது! நம்ம ஆளுங்க அதை எல்லாத்தையும் மறந்துட்டு மிதக்கறதுன்னு ஆக்கிட்டாங்க. 1979ல ஜான் கபாட்-ஸின் மாசச்சூசெட்ஸ்ல ஒரு மருத்துவமனையில ஆரம்பிச்சது தீராத வலியோட இருக்கற நோயாளிகளுக்கு. அது மருந்துக்குத் துணை. இப்ப அதே சரக்கு நம்ம கவனத்தைச் சிதறடிக்கற அதே ஃபோன்லயே சந்தா கட்டிக் கிடைக்குது. நோயும் மருந்தும் ஒரே கடையில.

உண்மையில இதுல ஒரு காமர்ஸ் ஆளு இருக்கார், நாம கொண்டாட வேண்டியவர். யாரும் நமக்குச் சொல்லல. பேர் ஊ பா கின், பர்மாக்காரர். (பர்மான்னதும் நமக்கு அத்தோ ஞாபகம் வரும். கொஞ்சம் பொறுங்க.) 1899ல பிறந்தவர். கணக்காயர் அலுவலகத்துல சாதாரண குமாஸ்தாவா சேர்ந்தார். 1937ல விபஸ்ஸனா கத்துக்கிட்டார். சொல்லிக் கொடுத்த சாயா தெட்ஜியும் துறவி இல்லை, ஒரு விவசாயி. 1941ல ரயில்வே கணக்குகளைச் சரிபார்க்க ஸ்டேஷன் ஸ்டேஷனா போய்க்கிட்டிருந்தப்ப ஒரு குன்று மேல வெபு சயாடோங்கற துறவியைப் பார்த்தார். "நீயே மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடு"ன்னு அவர் சொன்னதா சொல்வாங்க. ஆடிட்டுக்குப் போன இடத்துல!

1948 ஜனவரி 4ல பர்மா விடுதலை அடைஞ்சப்ப அந்த நாட்டோட முதல் தலைமைக் கணக்காயர் ஆனார். அலுவலகத்துல இருந்தவங்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்தார். 1952ல ரங்கூன்ல தியான மையம் தொடங்கினார். அதோட வேலையை விட்டுட்டுப் போயிட்டாரான்னா, இல்லை. ஒரே சமயத்துல பல துறைப் பொறுப்பைத் தலையில வாங்கிக்கிட்டார். ஊழலும் குளறுபடியுமா கிடந்த அரசு வேளாண் விற்பனை வாரியத்தைச் சீர் பண்ண அவரைத்தான் அனுப்பினாங்க. அவர் வரப் போறார்னு தெரிஞ்சதும் அங்க இருந்த அதிகாரிகள் எதிர்த்தாங்களாம். ஏன் எதிர்த்தாங்கன்னு கணக்குப் படிக்கற நமக்குச் சொல்லணுமா என்ன... 1967லதான் ஓய்வு பெற்றார். அவர்கிட்ட 1955ல தீராத ஒற்றைத் தலைவலியோட வந்த இந்திய வியாபாரிதான் எஸ்.என். கோயங்கா. அந்தக் கோயங்கா 1969ல இந்தியா வந்து பரப்பினதுதான் இப்ப ஊர் ஊரா நடக்கற பத்து நாள் விபஸ்ஸனா. நம்ம பக்கம் திருமுடிவாக்கத்துலயும் ஒரு மையம் இருக்கு. கட்டணம் கிடையாது, முடிச்சவங்க விரும்பினா நன்கொடை. எங்க கல்லூரி அமர்வுக்கு ஆளுக்கு முன்னூறு ரூபா வாங்கினாங்க, சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்.

ஊ பா கின் கதையில எனக்குப் பிடிச்சது, அவரோட அமைதி அவரை யாருக்கும் வசதியான ஆளா ஆக்கல. அமைதியான ஒரு ஆடிட்டர் எவ்வளவு ஆபத்தானவர்னு யோசிச்சுப் பாருங்க. கோபப்படுத்தி அவரைத் திசை திருப்ப முடியாது, அவசரப்படுத்தி கையெழுத்து வாங்க முடியாது. நமக்கு விக்கற அமைதி இதுக்கு நேர் எதிர்.

கவனத்தைக் கத்துக்க மடத்துக்குத்தான் போகணும்னும் இல்லை. நம்ம லைன்ல எக்ஸ்பிரஸ் வண்டி ஓட்டற லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து அதோட நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கணும், கையையும் காட்டணும். அது விதி. ஜப்பான்ல இது இன்னும் தீவிரம், பிளாட்ஃபாரத்துல நிக்கற ஊழியரும் விரலை நீட்டிச் சுட்டிக்காட்டிச் சத்தமா சொல்வார். 1994ல அங்க ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் அளந்து பார்த்தப்ப, 100 செயலுக்கு 2.38ஆ இருந்த தவறு 0.38ஆ குறைஞ்சுதாம். கண்ணைத் திறந்து, கையை நீட்டி, வாயால சொல்லி! 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் முதல் ரயில் ஓடின இதே வழியில, ஒவ்வொரு நாளும் நம்மளை உயிரோட கொண்டு சேர்க்கறது இந்த மாதிரி கவனம்தான். அவங்களுக்கும் ஓய்வு நேரம் கம்மின்னு சங்கங்கள் கத்திக்கிட்டே இருக்காங்க. அங்கயும் அதே கதைதான்.

பூந்தமல்லிக்காரங்க கோவிச்சுப்பாங்க, அவங்க ஊர்க்காரரைச் சொல்லாம விட்டா. திருக்கச்சி நம்பி. ராமானுஜருக்கு மூத்தவர், வைசிய குலம்னு சொல்வாங்க, அதாவது அவரும் ஒரு வகையில நம்ம டிபார்ட்மென்ட். காஞ்சிபுரம் வரதராஜருக்கு ஆலவட்டம் வீசறது அவர் கைங்கர்யம். விசிறி வீசறது, அவ்வளவுதான். பெருமாள் அவரோட பேசுவார்னு நம்பிக்கை. ராமானுஜரே தன் சந்தேகங்களுக்கு அவர் மூலமாத்தான் பதில் கேட்டு வாங்கினார்ங்கறது வைணவ வரலாறு. நான் பக்திமான் இல்லை. ஆனா விசிறி வீசறது கண்ணை மூடிக்கிட்டுச் செய்யற வேலை இல்லைங்கறது எனக்குத் தெரியும். கரன்ட் போன ராத்திரியில பாட்டிக்கு வீசியிருக்கேன். எதிர்ல இருக்கறவங்களுக்கு வேர்க்குதா, குளிருதா, தூங்கிட்டாங்களான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். பார்க்கறது அடுத்தவங்களை. அமைதி வர்றது நமக்கு.

"அப்ப உலகம் திருந்தற வரைக்கும் நிம்மதியே கிடையாதா?"ன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான். வேலை நேரம் குறையட்டும், பஸ் கூடட்டும், அப்புறம் அமைதியா இருக்கலாம்னு நான் சொல்றதா அவன் புரிஞ்சுக்கிட்டான். அது இல்லைடா. நிம்மதி இன்னைக்கே வேணும், எனக்கும் வேணும். ஆனா நிகழ்காலத்தைக் கவனின்னு சொன்னா முழுசா கவனிக்க விடணும். முழுசா கவனிச்சா அழகு மட்டும் கண்ணுல படாது, ஓட்டையும் படும். "மூச்சை மட்டும் பாரு, ஃபேன் ஓடலைன்னு பார்க்காதே"ன்னு சொல்ற கவனம் பாதிக் கவனம். சகிச்சுக்கறதுக்கும் அமைதிக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை அழிக்கத்தான் இந்த வியாபாரமே நடக்குது.

கொரட்டூர் ஏரியை எடுத்துக்குங்க. கரையில தினம் நடக்கப் போறவங்க இருக்காங்க, எல்லாரும் மனசு லேசாகத்தான் போறாங்க. அவங்கள்ல சிலர் தண்ணியை உண்மையிலயே பார்த்தாங்க. நுரை, நாத்தம், கழிவுநீர் கலக்கற வாய்க்கால். எஸ்டேட் பக்கத்துல இருந்தும் பட்டரவாக்கம் பக்கத்துல இருந்தும் வர்றது. கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம்னு சேர்ந்தாங்க, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையில எஸ்டேட்டும் கொரட்டூரும் தண்ணியில நின்னப்ப, இந்த ஏரியும் வாய்க்காலும் பத்தி அவங்க அத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருந்தது மத்தவங்களுக்கும் உறைச்சுது. அந்த நடைப்பயிற்சிக்காரங்களுக்கு மன அமைதி இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவங்க அளவுக்கு அந்த இடத்துல, அந்த நேரத்துல இருந்தவங்க வேற யாரும் இல்லை.

சென்ட்ரல்ல இருந்து ஆவடி லோக்கல்ல வர்றப்ப கொரட்டூர் தாண்டினதும் ஃபோனைப் பையில போட்டுட்டு வலது பக்கம் பாருங்க. ஜன்னல் சீட் கிடைச்சா நல்லது, கிடைக்கலேன்னா முன்னாடி நிக்கறவர் தோளுக்கு மேல எட்டிப் பாருங்க. தண்ணி என்ன நிறத்துல இருக்குன்னு வந்து சொல்லுங்க.